ஹிப்பா என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள், திரைச்சீலையை இழுக்க மறப்பார்கள்

அமெரிக்காவில் அம்மாவையோ மாமனாரையோ நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கும் யாரிடம் பேசினாலும் ஒரு சொல் கட்டாயம் வந்து விழும்: ஹிப்பா, மருத்துவத் தகவலின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம். "அம்மாவுக்கு ராத்திரி மாத்திரையை ஏன் மாத்துனீங்க?" என்று மகள் போன் செய்து கேட்டால், "ஹிப்பா இருக்கு, போன்ல சொல்ல முடியாது" என்று பதில் வரும். சரி, சட்டம் இவ்வளவு கறாராக இருக்கிறதே, அம்மாவின் அந்தரங்கம் பத்திரமாகத்தான் இருக்கும் என்று மகள் நினைத்துக்கொள்வாள். அடுத்த வாரம் நேரில் போனால் அறைக்கதவு அகலத் திறந்திருக்கும், திரைச்சீலையைப் பாதிதான் இழுத்திருப்பார்கள், அம்மாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர், பக்கத்து அறைக்காரரின் பேரன் என்று எல்லோருக்கும் அதுதான் வழி.

நம்மூரில் நர்சிங் ஹோம் என்று பலகை மாட்டியிருக்கும் சின்னத் தனியார் மருத்துவமனையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டாம். இவை வயதானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதிநோய் முற்றியவர்கள் மாதக்கணக்காக, வருடக்கணக்காகத் தங்கும் இடங்கள். நாடு முழுக்கச் சுமார் 15,000 இல்லங்கள், அவற்றில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். மருத்துவமனையில் நான்கு நாள் படுத்திருக்கும்போது வெட்கத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிடுகிறோம், வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று தெரியும். இங்கே இருப்பவர்களுக்கு இதுதான் வீடு. இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டு அந்தரங்கத்தை வெறும் மருத்துவக் கோப்பு விவகாரமாகப் பார்ப்பதால்தான், பாதுகாப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், தேவையில்லாத இடத்தில் சுவராக நிற்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஹிப்பாவையே பார்த்துவிடலாம். 1996இல் வந்த சட்டம். அது பிறந்த காரணமே வேறு: வேலை மாறினால் மருத்துவக் காப்பீடு அறுந்துபோகக் கூடாது, காப்பீட்டுக் கணக்குவழக்கு மின்னணு முறைக்குப் போக வேண்டும். அப்படித் தகவல் கணினியிலிருந்து கணினிக்கு ஓடத் தொடங்கினால் யார் பார்க்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்ற கேள்வி வருமல்லவா, அதற்காக எழுதிய அந்தரங்க விதிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 2003 ஏப்ரலில்தான் கட்டுப்பட்டன. அந்த விதியை எடுத்துப் படித்தால், போனில் மகளுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று எங்கேயும் இல்லை. நோயாளி மறுக்கவில்லை என்றால், அவருடைய கவனிப்பில் பங்கெடுக்கும் குடும்பத்தாரிடம் அதற்குத் தேவையான அளவு சொல்லலாம். நோயாளி பேசும் நிலையில் இல்லையென்றால், சொல்வது அவருக்கு நல்லது என்று பணியில் இருப்பவர் தன் தொழிலறிவை வைத்து முடிவு செய்து சொல்லலாம். 'சொல்லலாம்' என்றுதான் இருக்கிறது, 'சொல்ல வேண்டும்' என்று இல்லை. வேலை நெருக்கடியில் இருக்கும் நர்ஸுக்கு எது சுலபம்? ஹிப்பா என்று சொல்லிப் போனை வைப்பதுதான். அதற்காக யாரும் வேலையை விட்டு எடுக்கப்போவதில்லை.

நோயாளியின் சட்டப்படியான பிரதிநிதியாக இருந்தால் கதை வேறு. மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம் கையில் இருக்கும் மகளை, அந்த அதிகாரம் செல்லுகிற விஷயங்களில், நோயாளியாகவே நடத்த வேண்டும். அப்படி இருந்தும் இழுத்தடிப்பு நடக்கிறது. ஓக்லஹோமாவில் பல இல்லங்களை நடத்தும் ஒரு நிறுவனம், பிரதிநிதியான மகள் கேட்டும் அம்மாவின் ஆவணங்களை ஏறக்குறைய ஒரு வருடம் கொடுக்காமல் இருந்தது. சுகாதாரத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம் 2,50,000 டாலர் அபராதம் போட முனைந்தது, நிர்வாக நீதிபதி அதை 75,000 ஆக்கினார், 2024இல் 35,000 டாலருக்குச் சமரசமாக முடிந்தது. அதே ஆண்டு நியூ ஜெர்சியில் அம்மாவின் ஆவணங்களைக் கேட்ட மகனைக் காக்கவைத்த இன்னொரு இல்லத்துக்கு 1,00,000 டாலர். ஆக, அந்தரங்கச் சட்டத்தை மீறியதற்கான அபராதம் என்றால் ரகசியம் கசிந்ததற்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காததும் மீறல்தான். பலருக்கு இது தெரியாது, இல்லங்களில் வேலை செய்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நர்சிங் ஹோமில் இருப்பவரின் மானத்தைக் காப்பாற்ற எழுதிய சட்டம் வேறொன்று இருக்கிறது, அதன் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. 1970கள், 80களில் இந்த இல்லங்களைப் பற்றி வந்த செய்திகள் படிக்கச் சகிக்காதவை. 1986இல் தேசிய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மருத்துவக் குழு ஒன்று விரிவான அறிக்கை கொடுத்தது, அதை ஒட்டி 1987 டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட ஒரு பட்ஜெட் சட்டத்துக்குள் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் நுழைந்தது. மெடிகேர், மெடிகெய்ட் என்று முதியவர்களுக்கும் வசதியில்லாதவர்களுக்கும் அரசு தரும் மருத்துவக் காப்பீட்டிலிருந்து பணம் வாங்கும் இல்லங்கள், அதாவது கிட்டத்தட்ட எல்லா இல்லங்களும், இதற்குக் கட்டுப்பட்டவை. தங்குமிடத்தில், சிகிச்சையில், கடிதத்தில், போன் பேச்சில், பார்க்க வருகிறவர்களோடு இருக்கும்போது, குடும்பக் கூட்டங்களில், இத்தனையிலும் அந்தரங்கம் இருப்பவரின் உரிமை என்று சட்டம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கையோடு ஒரு வரி சேர்க்கிறது: இதற்காகத் தனியறை தர வேண்டும் என்று அர்த்தமில்லை.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. விதிப்படி ஓர் அறையில் நான்கு பேர் வரை போடலாம், 2016 நவம்பருக்குப் பிறகு அனுமதி பெற்றுப் புதிதாகக் கட்டப்பட்டவற்றில் இரண்டு பேர். பகிர்ந்துகொள்ளும் அறையில் ஆளுக்குக் குறைந்தது 80 சதுர அடி, அதாவது எட்டுக்குப் பத்து. கட்டில், ஒரு நாற்காலி, சின்ன அலமாரி, வீல்சேர் திரும்ப இடம், அவ்வளவுதான். அதற்குள் மறைப்பு என்று இருப்பது கூரையில் தண்டவாளம் பதித்து, கட்டிலைச் சுற்றி இழுக்கும் துணித்திரை. 1992 மார்ச்சுக்குப் பிறகு சான்று பெற்ற இல்லங்களில் அந்தத் திரை சுவரோடு சேர்ந்து முழு மறைப்புத் தர வேண்டும் என்று விதியே உண்டு. துணி பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் மருத்துவர் மூத்திரத் தொற்றைப் பற்றி விசாரிப்பது, கமோடில் உட்கார்ந்திருப்பவரின் முனகல், மகன் போனில் பணம் இல்லை என்று சொல்வது, அத்தனையும் மூன்றடி தள்ளி இருப்பவர் காதில் விழும். கொக்கி இரண்டு கழன்ற திரை முழுதாக மூடாது, சரிசெய்யச் சொல்லி எழுதிப் போட்டால் வாரக்கணக்கில் ஆகும்.

ஆய்வுக்கு வரும் மாநில அதிகாரிகள் கையில் வைத்திருக்கும் வழிகாட்டியைப் படித்தால், அதை எழுதியவர்கள் இதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் என்று தெரியும். கட்டிலின் தலைமாட்டில் 'இவர் விழுங்கச் சிரமப்படுவார்', 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறை' என்று எல்லோர் கண்ணிலும் படும்படி காகிதம் ஒட்டியிருக்கிறதா, மூத்திரப் பை மூடாமல் வீல்சேரில் தொங்குகிறதா, உள்ளே போகுமுன் கதவைத் தட்டுகிறார்களா, குளிக்கக் கூட்டிப்போகும்போது உடம்பு மூடியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது. கதவு தட்டுவதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதலாம், தட்டிக்கொண்டே உள்ளே நுழைவதற்குப் பெயர் தட்டுவதல்ல. 'வரலாமா' என்று கேட்டுப் பதிலுக்கு நிற்பதுதான் தட்டுவது, பத்துப் பன்னிரண்டு பேரைக் காலைக்குள் குளிப்பாட்டி உடை மாற்ற வேண்டிய ஒரு பணியாளருக்கு அந்தச் சில விநாடிகூடக் கிடைப்பதில்லை.

இங்கே அந்தப் பணியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழி முழுதும் அவர்கள் தலையில் விழும். சி.என்.ஏ. எனப்படும் உதவிப் பணியாளருக்கு மத்திய அரசு கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். அதற்குள் தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது, தொற்றுத் தடுப்பு, உரிமைகள் எல்லாம் அடங்க வேண்டும். 2017, 2018 தரவுகளை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், நர்சிங் பணியாளர்கள் வேலையை விட்டுப் போகும் விகிதத்தின் சராசரி ஆண்டுக்கு 128 சதவீதம். வருடத்துக்குள் மொத்தப் பேரும் மாறி, அதற்கு மேலும் மாறுகிறார்கள். அம்மாவின் மேல்துணியைக் கழற்றுபவர் இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர். தெரிந்த கை என்றால் கூச்சம் கொஞ்சம் குறையும். அது இங்கே வாய்ப்பதே இல்லை.

அப்புறம் செல்போன் வந்தது. 2015 டிசம்பரில் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம், 2012 முதல் நர்சிங் ஹோம், முதியோர் இல்லப் பணியாளர்கள் அங்கிருப்பவர்களின் படத்தையும் வீடியோவையும் ரகசியமாக எடுத்து சமூக வலைதளங்களில் பகிர்ந்த 35 சம்பவங்களைத் தொகுத்து வெளியிட்டது. அவற்றில் குறைந்தது 16 ஸ்னாப்சாட்டில். சில நொடியில் படம் தானாக அழிந்துவிடும் என்ற தைரியம். ஆடையில்லாமல், கழிவறையில், சில படங்களில் இறந்துபோன பிறகும். எடுத்தவர்களில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள், நண்பர்களைச் சிரிக்கவைக்க அனுப்பியவர்கள். படத்தில் இருந்தவர்களில் பலருக்குத் தங்களைப் படமெடுத்ததே தெரியாது, சொன்னாலும் புரியாது.

இந்தக் கடைசி விஷயம்தான் சட்டத்துக்குப் பெரிய தலைவலி. மறதிநோய் முற்றிய ஒருவர், தன் அரை நிர்வாணப் படம் பத்துப் பேர் போனுக்குப் போனதைப் பற்றி எந்த வருத்தமும் காட்டவில்லை என்றால், அவருக்குக் கெடுதல் நடந்ததா இல்லையா? முன்பெல்லாம் 'அவருக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று கோப்பை மூடிவிட முடிந்தது. 2016 ஆகஸ்டில் அந்தக் காப்பீடுகளை நடத்தும் அரசு அமைப்பான மெடிகேர், மெடிகெய்ட் சேவைகள் மையம் மாநில ஆய்வு அமைப்புகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: அனுமதியில்லாமல் படமெடுப்பது, வைத்திருப்பது, பரப்புவது அந்தரங்க உரிமையை மீறுவது, இழிவுபடுத்தும் படமென்றால் அது மனரீதியான கொடுமை, ஒவ்வொரு இல்லமும் இதற்கு எழுத்துப்பூர்வமான கொள்கை வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு திருத்திய விதிகளில் கொடுமை என்பதன் வரையறையிலேயே 'தொழில்நுட்பத்தின் உதவியோடு நடப்பதும்' சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர் எதையும் வெளிக்காட்ட முடியாத நிலையில் இருந்தால், அதே நிலைமையில் ஒரு சாதாரண மனிதர் எப்படி உணர்ந்திருப்பார் என்பதை வைத்து எடைபோடச் சொல்கிறது ஆய்வு வழிகாட்டி. கொடுமை என்று புகார் வந்தால் 2 மணி நேரத்துக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த விஷயத்தில் வந்த மாற்றங்களிலேயே உருப்படியானது அந்தச் 'சாதாரண மனிதர்' அளவுகோல்தான் என்பேன், ஏனென்றால் மற்றதெல்லாம் காகிதம்.

கேலிக்காக எடுக்கும் படம் ஒரு பக்கம். அன்பாக எடுக்கும் படமும் அவ்வளவு எளிதல்ல. பிறந்தநாள் கேக்கோடு பாட்டி, தீபாவளிக்குப் பொட்டு வைத்த தாத்தா என்று இல்லத்தின் பேஸ்புக் பக்கத்தில் வரும்போது பிள்ளைகளே லைக் போடுவார்கள். ஆனால் 2025 செப்டம்பரில் டெலவேரில் ஐந்து மறுவாழ்வு, பராமரிப்பு மையங்களை நடத்தும் ஒரு குழுமம் 1,82,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. குணமாகி வீடு திரும்பியவர்களின் 'வெற்றிக் கதை' என்று பெயர், படம், நோய், சிகிச்சை எல்லாம் முறையான சம்மதம் இல்லாமல் இணையத்தில் போட்டிருந்தார்கள், விசாரித்தால் 150 பேர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, விளம்பரம்தான். விளம்பரத்துக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தால் வழக்கே இல்லை.

கோப்பு கசிவதே இல்லை என்று சொல்லவரவில்லை. பிலடெல்பியாவில் ஆறு நர்சிங் ஹோம்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் ஐபோன் ஒன்று திருடுபோனது. அதில் கடவுச்சொல்லும் இல்லை, தகவல் குறியாக்கமும் இல்லை. 412 பேரின் சமூகப் பாதுகாப்பு எண், நோய், மருந்து, குடும்பத்தாரின் பெயர் எல்லாம் உள்ளே இருந்தன. 2016இல் 6,50,000 டாலருக்குச் சமரசம் ஆனது. நர்சிங் ஹோம் ஒருவரைப் பற்றி வைத்திருக்கும் தகவல் எந்த அளவுக்கு உள்ளே போகிறது என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். சேர்ந்த 14 நாளுக்குள் ஒரு நிர்ணயிக்கப்பட்ட மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மலம், மூத்திரம் எத்தனை முறை கட்டுப்பாடில்லாமல் போகிறது, 'செத்துப்போனால் தேவலை' என்ற எண்ணம் வந்ததா, மூன்று சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்றெல்லாம் கேட்டு, அது அரசுக் கணினிக்குப் போகிறது. கணவனுக்கும் பிள்ளைக்கும் தெரியாததெல்லாம் அதில் இருக்கும்.

கேமராவுக்கு வருவோம், ஏனென்றால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கடைசியில் வந்து நிற்பது அங்கேதான். யாரையும் நம்ப முடியவில்லை, அம்மா அறையில் ஒன்றை மாட்டிவிடலாம். டெக்சாஸ் 2001இலேயே இதற்குச் சட்டம் போட்டது, பிறகு நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா, 2016இல் இல்லினாய், 2020இல் மினசோட்டா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாவற்றிலும் பெரிய முடிச்சு அறையில் கூட இருப்பவர். அவர் சம்மதம் இல்லாமல் மாட்டக் கூடாது, சம்மதித்தாலும் தன் பக்கம் திருப்பக் கூடாது என்று நிபந்தனை போடலாம். வாசலில் கேமரா இருப்பதாக அறிவிப்பு இருக்க வேண்டும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கேமரா யாருக்காகவோ, அவர் என்ன நினைக்கிறார்? அம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றுவதை கலிபோர்னியாவிலிருந்து மகன் ஆபீஸ் இடைவேளையில் போனில் பார்க்கலாம். அடிக்கிறார்களா என்று பார்க்கத்தான் மாட்டினான், சரி. ஆனால் நல்ல நினைவோடு இருந்த காலத்தில் அந்த அம்மா இதற்கு ஒப்புக்கொண்டிருப்பாளா? மினசோட்டா சட்டம் இதை யோசித்திருக்கிறது. பிரதிநிதி கையெழுத்துப் போட்டாலும், அறையில் இருக்கும் அம்மாவிடமே நேரில் கேட்டு, யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லலாம் என்றெல்லாம் விளக்கி, அவர் சொன்ன பதிலை எழுதி வைக்க வேண்டும். அவர் தெளிவாக மறுத்தால் கேமரா கிடையாது. கொடுமையைப் பிடித்துக்கொடுத்த கேமராக்கள் உண்டு, அதை மறுக்க முடியாது. எனக்கென்னவோ, மாட்டுவதென்றால் துணி மாற்றும் நேரத்தில் அணைப்பதற்கு வழி செய்துவிட்டு மாட்டுவதே முறை என்று படுகிறது.

பிள்ளைகளுக்குக் கேட்கவே சங்கடமான ஒன்றும் இதற்குள் இருக்கிறது. வயதானவர்களுக்கும் துணை வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை வேண்டும். நியூயார்க்கின் ரிவர்டேலில் உள்ள ஹீப்ரூ ஹோம் 1995இலேயே இதற்கு எழுத்துப்பூர்வமான கொள்கை வைத்தது. அப்பாவுக்கு இல்லத்தில் ஒரு தோழி கிடைத்திருக்கிறாள் என்ற தகவல் மகளுக்குப் போக வேண்டுமா என்று கேட்டால், அப்பா சுயநினைவோடு இருக்கும்வரை போக வேண்டியதில்லை. குடும்பத்திடமிருந்தும் அந்தரங்கம் உண்டு.

2020இல் கொரோனா வந்தபோது எல்லாம் தலைகீழானது. மார்ச் 13 முதல் பார்வையாளர்களுக்குத் தடை, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்த காலம். எத்தனை பேருக்குத் தொற்று என்றுகூடச் சொல்ல மறுத்த இல்லங்கள் இருந்தன, காரணமாகக் காட்டியது அதே ஹிப்பா. எண்ணிக்கையைச் சொல்வதில் யாருடைய அந்தரங்கம் போகும்? கடைசியில் மே மாதம் விதியே போட வேண்டியதாயிற்று: ஒருவருக்குத் தொற்று உறுதியானாலும் மறுநாள் மாலை 5 மணிக்குள் எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிவிக்க வேண்டும், ஆள் யார் என்று தெரியாதபடி. செய்ய முடிகிற காரியம்தான் என்று அப்போது நிரூபணமானது.

இனி நடைமுறைக்கு. சேர்க்கும் நாளில் கட்டுக்கட்டாகக் காகிதம் நீட்டுவார்கள், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். அதில் படம், வீடியோ எடுத்து வெளியிட ஒப்புதல் தரும் தாள் ஒன்று இருக்கலாம், அதைத் தனியே எடுத்துப் படித்துவிட்டு, வேண்டாமென்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். மருத்துவ அதிகாரப் பத்திரம் அம்மா நினைவோடு இருக்கும்போதே எழுதி, அதன் நகல் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், போனில் ஹிப்பா என்றால் "என் பத்திரம் உங்க ஃபைல்ல இருக்கு" என்று சொல்லலாம். ஆவணம் பார்க்க ஹிப்பா 30 நாள் அவகாசம் தருகிறது, நர்சிங் ஹோம் விதியோ வார இறுதியும் விடுமுறையும் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும், நகல் இரண்டு வேலைநாளில் தர வேண்டும் என்கிறது. வாயால் கேட்டாலே போதும். இதை எடுத்துச் சொன்னால் பேச்சின் தொனியே மாறும். ஆய்வு அறிக்கையை ஒவ்வொரு இல்லமும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும், அதில் பெயருக்குப் பதில் எண்தான் இருக்கும், படித்துப் பாருங்கள், எந்த மாடியில் கதவு திறந்து கிடந்தது என்பது வரை எழுதியிருப்பார்கள்.

ஹிப்பாவை மீறினார்கள் என்று தனிநபர் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது, 180 நாளுக்குள் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்குப் புகார்தான் கொடுக்கலாம். அதைவிடப் பக்கத்தில் இருப்பவர் ஆம்பட்ஸ்மன், நீண்டகாலப் பராமரிப்பில் இருப்பவர்களுக்காகவே ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள குறைதீர்ப்பு அலுவலர். அவருடைய போன் எண் இல்லத்துச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. காசு வாங்க மாட்டார். புகார் சொன்னது யார் என்பதை, சொன்னவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அவர் யாரிடமும் வெளியிட முடியாது, இல்லத்து நிர்வாகத்திடமும் கூட.